நூலகத்துப் பகுதிநேர ஊழியருக்கும் ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) உண்டா?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் சங்கம் பொது நூலகம் நடத்துகிறது. 12 பேர் வேலை செய்கிறார்கள். மாலையில் மட்டும் வரும் தம்பிக்கு 40,000 ரூபா சம்பளம். பகுதிநேரம்தானே, ஈபிஎப் வேண்டாமென்கிறார் பொருளாளர். சரியா?

பதில்: இல்லை ஐயா. பகுதிநேரமோ தற்காலிகமோ, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே ஈபிஎப் உண்டு. தம்பியின் சம்பளத்தில் 8 வீதம், அதாவது 3,200 ரூபா பிடித்து, சங்கம் தன் பங்காக 12 வீதம், 4,800 ரூபா சேர்த்து அடுத்த மாத முடிவுக்குள் கட்டவேண்டும். அப்புறம் ஈடிஎப் எனும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், அந்த 1,200 ரூபாவும் சங்கத்தின் தலையில்தான். சங்கத்தின் பங்கைச் சம்பளத்தில் கழிக்கும் கெட்டித்தனம் சில இடங்களில் நடக்கிறது, அது சட்டவிரோதம். பிந்தினால் மிகைக்கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். பொருளாளரிடம் இதைக் காட்டுங்கள்.