ஓய்வுக்குப் பின் பிரான்சின் கால்வாய்களில் படகிலேயே வாழ, ரீயூனியன் தம்பதி எதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும்?

சேந்தாந்த்ரேயிலிருந்து வந்த கேள்வி இது. கணவன் மனைவி இருவருக்கும் அறுபது கடந்துவிட்டது. பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. படகு ஓட்டிப் பழக்கமில்லை. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பிரான்சின் உள்நாட்டுக் கால்வாய்களில் சொந்தப் படகில் இருந்துவிட்டு, தைப்பூசத்துக்குத் தீவுக்குத் திரும்ப முடியுமா? எப்படிப்பட்ட படகு வேண்டும்? எது எது கெடும்?

தாராளமாக முடியும். நீங்கள் சொல்லும் மாதங்கள்தான் கால்வாய்க்கும் உகந்த மாதங்கள். குளிர்காலத்தில் எக்லூஸ்களை, அதாவது படகை ஏற்றி இறக்கும் இருகதவு நீர்த்தொட்டிகளை, பழுதுபார்க்கப் பல கால்வாய்களை மூடிவிடுவார்கள். சில பகுதிகளில் தண்ணீரையே வடித்துவிடுவார்கள். இதற்கு ஷோமாஜ் என்று பெயர். அந்த நேரத்தில் படகு துறையில் கிடக்க, நீங்கள் காவடிக்கு ஊரில் இருக்கலாம். குடியுரிமை இருப்பதால் நாள் கணக்கும் இல்லை. மொரீசியஸ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர் கூட வந்தால், விசா இல்லாமல் அவருக்கு 180 நாளில் 90 நாள் மட்டுமே.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் படகை வாடகைக்கு எடுங்கள். வாடகைப் படகுக்கு பெர்மி, அதாவது படகு ஓட்டும் உரிமம், தேவையில்லை. ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்துத் தற்காலிக அட்டை தந்துவிடுவார்கள். சொந்தப் படகில் எஞ்சின் 4.5 கிலோவாட்டுக்கு மேல் இருந்தால் உள்நாட்டு நீர்ப் பிரிவு பெர்மி கட்டாயம். தீவின் சேன்-ழீலில் மீன்பிடிக்க எடுத்த கடலோர பெர்மி கால்வாயில் செல்லாது, இதற்குத் தியரித் தேர்வு தனி. படகு 20 மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் பெர்மியும் வேறு, படகுக்கு எடுக்க வேண்டிய சான்றும் வேறு. அந்தச் சான்றைப் புதுப்பிக்கும்போது படகைத் தரையேற்றிக் காட்ட வேண்டும். இருவர் மட்டும் ஓட்டும் படகுக்கு 12 முதல் 15 மீட்டர் போதும் என்பது என் கருத்து. 20 மீட்டர் பெனிஷ், அதாவது சரக்குப் படகு, பார்க்க அழகு. ஆனால் காற்றடிக்கும் நாளில் ஒருவர் கயிற்றால் அதை அடக்க முடியாது.

அளவைப் பார்க்கும்போது நீளத்தைவிட உயரமும் ஆழமும் முக்கியம். 1879-ல் வந்த ஃப்ரேசினே சட்டப்படி பெரும்பாலான கால்வாய்கள் 38.5 மீட்டர் நீளமும் 5.05 மீட்டர் அகலமும் உள்ள பெனிஷுக்கு ஏற்றபடி கட்டப்பட்டவை. பாலங்களுக்குக் கீழே 3.5 மீட்டர் உயரம் என்பது பொதுக்கணக்கு. அதை நம்பி வாங்கினால் நிவெர்னே கால்வாயின் நடுப்பகுதி உங்களுக்கு இல்லை. அங்கே பாலங்கள் ஏறக்குறைய 2.7 மீட்டர்தான். பர்கண்டிக் கால்வாயின் உச்சியில் 3.3 கிலோமீட்டர் நீளமுள்ள பூயி சுரங்கத்தில் 3.1 மீட்டர். தென்பிரான்சின் மிதி (Midi) கால்வாயின் பழைய பாலங்கள் வளைவானவை. நடுவில் உயரம் இருக்கும். சதுரமான கூரையின் இரு மூலைகளும் கல்லில் உரசும். ஆகவே நீருக்கு மேல் 2.6 மீட்டருக்குள் மடக்கக்கூடிய படகாகப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி காலியாக இருக்கும்போது அளந்து பாருங்கள். 15 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் உள்ள படகு அரை டன் எடை குறைந்தால் சுமார் 1 சென்டிமீட்டர்தான் எழும்பும். உண்மையில் பாலத்தில் இடிப்பது கூரையில் வைத்த சைக்கிளும், சாய்த்து நிறுத்திய சோலார் தகடும்தான்.

ஆழத்துக்கும் இதே எச்சரிக்கை. ஃப்ரேசினே கால்வாயில் 1.8 மீட்டர் என்று எழுதியிருக்கும். ஓரங்களில் வண்டல் சேர்ந்திருக்கும், வறண்ட கோடையில் நீர்மட்டத்தையும் குறைப்பார்கள். 2022 வறட்சியில் பல கால்வாய்ப் பகுதிகளை மூடவே செய்தார்கள். படகு 1.1 மீட்டருக்குள் மூழ்கினால் கரையோரம் ஒதுங்கிக் கட்டும் சுதந்திரம் கிடைக்கும்.

எஃகுப் படகைத் தரையேற்றி அல்ட்ராசவுண்டில் தகடு அளக்காமல் பணம் கொடுக்காதீர்கள். புதிதில் 5 அல்லது 6 மில்லிமீட்டராக இருந்தது பல இடங்களில் 4-க்குக் கீழே தேய்ந்திருந்தால், காப்பீட்டு நிறுவனம் மறுக்கும் அல்லது புதுத்தகடு அடிக்கச் சொல்லும். நீர்க்கோட்டையும் அடிவளைவையும் மட்டும் பார்த்தால் போதாது. குளியலறைக்கு அடியில் கசிந்து தேங்கிய நீர் உள்ளிருந்து அரித்திருக்கும். வெளியே வர்ணம் பளபளக்கும். இன்னொன்று, துறைமுக மின்சாரத்தில் மாதக்கணக்கில் இணைத்து வைத்த படகு. பூமிக்கம்பி வழியாகப் பக்கத்துப் படகோடு அதுவும் ஒரு மின்கலம்போல ஆகி எஃகு கரையும். இதைத் தடுக்கக் கல்வானிக் ஐசொலேட்டர் வேண்டும். எஃகுக்குப் பதிலாகத் தான் கரையும் தியாகத்தகடு நன்னீரில் மக்னீசியமாக இருக்க வேண்டும். கடலுக்கான துத்தநாகம் நன்னீரில் மேலே படலம் கட்டி வேலை செய்யாமல் போய்விடும்.

இனி எக்லூஸ். தம்பதிகள் சண்டை போட்டுக்கொள்வதும் விரல் போவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

விளக்கைப் பாருங்கள். சிவப்பு என்றால் காத்திருங்கள். சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தால் தொட்டியை உங்களுக்காகத் தயார் செய்கிறார்கள். பச்சை மட்டும் என்றால் உள்ளே போகலாம். இரண்டு சிவப்பு என்றால் எக்லூஸ் வேலை செய்யவில்லை. தானியங்கி எக்லூஸ்களில் உள்ளே போய்க் கயிறு போட்டபின் நீலத் தண்டை மேலே தூக்கினால் சுழற்சி தொடங்கும். சிவப்புத் தண்டு அவசர நிறுத்தம். சிவப்புத் தண்டு எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே நீலத்தைத் தொடுங்கள்.

இருவருக்கு மிக எளிய முறை படகின் நடுவிலிருந்து ஒரே கயிறு. கயிறு மாட்டும் நடுக்கட்டையிலிருந்து கயிற்றைப் பின்னால் உள்ள கரைத்தூணில் சுற்றி மறுமுனையைப் படகுக்கே கொண்டுவந்து கட்டையில் ஒரு சுற்று போட்டுக் கையில் பிடியுங்கள். எஞ்சினை மிக மெதுவாக முன்னோக்கி விட்டு, சுக்கானைக் கரைக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் திருப்பினால் படகு சுவரோடு ஒட்டி நிற்கும். 3 மீட்டர் ஏற்ற இறக்கத்துக்கு 15 மீட்டர் கயிறு, தடிமன் 14 முதல் 16 மில்லிமீட்டர். மெல்லிய கயிறு வலுவாகவே இருக்கும், ஆனால் கையை அறுக்கும். ஏறும்போது தளர்வை இழுத்துக்கொண்டே இருங்கள், இறங்கும்போது விட்டுக்கொண்டே இருங்கள். எந்த நேரத்திலும் முடிச்சுப் போடாதீர்கள். இறங்கும்போது கயிறு சிக்கினால் பத்து டன் படகு ஒரு பக்கமாகத் தொங்கும். கத்தி கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டியது அதற்காகத்தான். கயிறு பிடித்த கை கட்டையிலிருந்து இரண்டு சாண் தள்ளியே இருக்கட்டும்.

ஏறும்போது மேல்கதவுக்கு அருகே போகாதீர்கள். அங்கிருந்து பாயும் தண்ணீர் முன்பக்கத்தைப் பிடித்து எதிர்ச்சுவரில் தள்ளும். இறங்கும்போது நேர்மாறு: மேல்கதவின் அடியில் தண்ணீருக்குள் ஒரு கற்படி இருக்கிறது, நீர் குறைந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். சுக்கானோ ப்ரொப்பெல்லரோ அதன் மேல் உட்கார்ந்துவிட்டால் பின்பக்கம் மேலேயும் முன்பக்கம் கீழேயுமாகப் படகு கவிழ்ந்துகொண்டே போகும். படகை முன்னால் தள்ளி நிறுத்துங்கள். மிதிக் கால்வாயின் தொட்டிகள் முட்டை வடிவம், சுவர் வளைந்திருக்கும். இடி தாங்கும் ஃபெண்டர்களை நடுப்பகுதியை விட முன்னும் பின்னும் அதிகம் தொங்கவிடுங்கள். பெசியேவில் 21 மீட்டருக்கு மேல் படிப்படியாக ஏறும் ஃபொன்செரான் அடுக்கில், ஏறவும் இறங்கவும் தனித்தனி நேரம் வைத்திருக்கிறார்கள்.

யார் எதைச் செய்வது? வழக்கமாகக் கணவர் சக்கரத்தைப் பிடித்துக்கொள்வார், மனைவி கயிற்றோடு வழுக்கும் ஏணியில் ஏறுவார். இது தலைகீழ் ஏற்பாடு. சக்கரத்துக்குப் பலம் வேண்டாம், நிதானமும் கண்ணும்தான் வேண்டும். கயிற்றுக்குத்தான் தோள் வேண்டும். எப்படி ஆனாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றிக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலோ முட்டி பிசகினாலோ, மற்றவரால் படகைத் துறைக்குக் கொண்டுபோக முடியாத நிலையில் எந்தத் தம்பதியும் பயணம் தொடங்கக்கூடாது. எஞ்சின் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது. நாலே நாலு கைச்சைகை முன்பே பேசி வையுங்கள். காலால் சுவரை உந்துவதும் கரைக்குத் தாவுவதும் வேண்டவே வேண்டாம். ஏப்ரலில் தண்ணீர் 10 டிகிரி பக்கம் இருக்கும். நம் கடலின் இளஞ்சூட்டுக்குப் பழகிய உடம்பு அதில் விழுந்தால் மூச்சே திணறும்; 150 நியூட்டன் மிதவைச் சட்டை போட்டே நில்லுங்கள்.

நாள் கணக்கை இப்படிப் போடுங்கள். பர்கண்டிக் கால்வாய் 242 கிலோமீட்டர், 189 எக்லூஸ். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் 40 மணி நேரம். ஒரு எக்லூஸுக்குக் கால் மணி என்றால் 47 மணி நேரம். நாளைக்கு ஆறு மணி நேரம் ஓட்டினாலும் 15 நாள். மதிய உணவுக்குப் பல எக்லூஸ்கள் மூடும், மே 1 போன்ற விடுமுறை நாட்களில் பல கால்வாய்களில் இயக்கமே இல்லை. சந்தை, மழை, துவைப்பு எல்லாம் சேர்த்து ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். டீசல் மணிக்கு 2 முதல் 4 லிட்டர். கால்வாய்களை நிர்வகிக்கும் விஎன்எஃப்-க்குக் கட்டும் வினியெட் கட்டணத்தை இணையத்திலேயே செலுத்தலாம்.

இருவர் சிக்கனமாக நாளைக்கு 80 முதல் 100 லிட்டர் தண்ணீர் செலவழிப்பார்கள், 500 லிட்டர் தொட்டி ஐந்து நாளுக்கு வரும். கரைக் குழாயின் மரை இரண்டு வகை, 15/21 மற்றும் 20/27. இரண்டுக்கும் இணைப்பான் வேண்டும், 30 மீட்டர் குழாயும் வேண்டும். சிறு துறைகளில் மின்சாரம் 6 ஆம்பியர்தான் வரும், அதாவது 1,380 வாட். 2,000 வாட் கெட்டிலைப் போட்டால் ஃபியூஸ் போகும், பொறுப்பாளர் மறுநாள் காலைதான் வருவார். படகில் ஓடும் 12 வோல்ட் ஃப்ரிட்ஜ், பம்பு, விளக்கு, ஃபோன் எல்லாம் சேர்ந்து நாளைக்கு 100 முதல் 120 ஆம்பியர்-மணி. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிக்கக்கூடாது, எனவே 400 ஆம்பியர்-மணி இருந்தால் மழை நாளையும் தாண்டலாம்.

கேஸ் விஷயத்தில் தீவுக்காரர்கள் தவறு செய்வதுண்டு. நமக்கு வீட்டில் பழக்கம் பியூட்டேன். அது 0 டிகிரிக்கு அருகில் ஆவியாகாது, வெளிப்பெட்டியில் வைத்தால் குளிர்ந்த காலையில் அடுப்பு எரியாது. புரொப்பேன் வாங்குங்கள். கேஸ் காற்றைவிட கனமானது. உருளை இருக்கும் பெட்டியின் அடியில் படகுக்கு வெளியே திறக்கும் துளை கட்டாயம் இருக்க வேண்டும். படுக்கையறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று. பிரஷர் குக்கர் இருந்தால் உருளை நீண்ட நாள் வரும். ஏப்ரல், மே மாதங்களில் இட்லி மாவு வெளியே பொங்காது. எஞ்சினை நிறுத்தியபின் எஞ்சின் அறையில் நாலைந்து மணி நேரம் சூடு நிற்கும், இறுக்கமாக மூடிய பாத்திரத்தில் அங்கே வைத்தால் காலைக்குள் எழும்பிவிடும்.

ஓடும்போது அதிகம் கெடுவது குளிரூட்டல். ஆற்றுநீரை உறிஞ்சும் எஞ்சினில் வடிகட்டி இலையாலும் பிளாஸ்டிக் பையாலும் அடைத்து, வெப்பம் ஏறி, நீர்ப்பம்பின் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லர் பிய்ந்துவிடும். தினமும் காலையில் வடிகட்டியைத் திறந்து பாருங்கள், இம்பெல்லர் இரண்டு கையிருப்பில் வையுங்கள். பிய்ந்த துண்டுகளையும் எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்று குழாயில் தங்கினாலும் மறுபடி சூடேறும். ப்ரொப்பெல்லரில் பாசியோ கயிறோ சுற்றியிருந்தால் வேகம் கூட்டியும் படகு நகராது, பின்னால் நுரை மட்டும் வரும். எஞ்சினை நிறுத்திச் சாவியைப் பையில் போட்டுக்கொண்ட பிறகே கையை விடுங்கள். கரையில் கட்ட 60 சென்டிமீட்டர் இரும்பு முளை நான்கும் சம்மட்டியும் வேண்டும். பாரப் பெனிஷ் கடக்கும்போது நீரை இழுப்பதால், செங்குத்தாக அடித்த முளை பிடுங்கிக்கொண்டு வரும். சாய்த்து அடித்து, கயிற்றை முன்னும் பின்னும் நீளமாக விடுங்கள். மிதிக் கால்வாயில் பிளாட்டான் மரங்களில் கட்டக்கூடாது. 2006-ல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட பூஞ்சை நோய் மரத்தின் காயம் வழியாகத்தான் பரவுகிறது. ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டியாகிவிட்டது.

ரோன் ஆற்றை முதல் வருடம் விட்டுவிடுங்கள். அதன் பொல்லென் எக்லூஸ் ஒன்றிலேயே 20 மீட்டருக்கு மேல் இறக்கம். அது பயமில்லை, மிதக்கும் தூண்கள் உங்களோடு இறங்கும். பயம் நீரோட்டமும் மிஸ்த்ரால் காற்றும். மணிக்கு 10 கிலோமீட்டர் போகும் படகு எதிர்நீரில் பாதி வேகத்தில்தான் ஏறும். சோன் ஆறு சாதுவானது, பழக அதுவே சரி. ஆற்றில் விஎச்எஃப் வானொலி வேண்டும்; படகின் அடையாளத்தைச் சொல்லும், உள்நாட்டு நீருக்கான ஏடிஐஎஸ் குறியீட்டைத் தானாக அனுப்பும் கருவியாக இருக்க வேண்டும், அதை இயக்கச் சான்றிதழும் தேவை.

அக்டோபர் கடைசியில் படகை விட சோன் கரையில் சேன்-ழான்-த-லோன் நல்ல இடம். உலர்துறையும் கடையும் மெக்கானிக்கும் அருகிலேயே. விமானம் ஏறும் முன் நன்னீர்க் குழாய்களையும் வெந்நீர்த் தொட்டியையும் முழுக்க வடியுங்கள், குழாய்வாய்களைத் திறந்தே விடுங்கள், ஷவர் தலையையும் கழற்றிக் கீழே வையுங்கள். அதில் நிற்கும் ஒரு கரண்டித் தண்ணீர் உறைந்து அதைப் பிளக்கும். எஞ்சினின் மூடிய சுற்றில் உறைவுத்தடுப்பு திரவம் மைனஸ் 20 தாங்குகிறதா என்று சோதியுங்கள், ஆற்றுநீர்ப் பக்கத்தை வடியுங்கள். டீசல் தொட்டி நிறைந்திருக்கட்டும். வெற்றிடத்தில் ஈரம் படிந்து அடியில் நீராகும், அந்த நீரில் வளரும் கறுப்புச் சளிதான் வசந்தத்தில் ஃபில்டரை அடைக்கிறது. பேட்டரியை முழுக்க ஏற்றிக் கழற்றி வையுங்கள். நீர் உள்ளே வரும் வால்வை மூடினால், மூடியிருக்கிறது என்று காகிதத்தில் எழுதி எஞ்சின் சாவியில் கட்டுங்கள். ஐந்து மாதம் கழித்துத் திரும்பும்போது நினைவிருக்காது. வால்வைத் திறக்காமல் கிளப்பினால் புது இம்பெல்லர் சில நிமிடத்தில் கருகும்.