ஹாம் என்னும் பொழுதுபோக்கு வானொலிக் கருவியைக் கணினித் திரைப் பொத்தான்களால் இயக்குவது எப்படி?

ஒரே சொடுக்கில் அலைவரிசையையும் பண்பேற்ற முறையையும் (ஒலியையோ தரவையோ அலையில் ஏற்றும் விதம்) மாற்றும் பொத்தான்களை எப்படி அமைப்பது என்று கேட்டிருந்தீர்கள். கருவியைக் கணினியிலிருந்து இயக்கும் ஃப்ளரிக் போன்ற மென்பொருளில் நாம் அமைக்கும் பொத்தான் என்பது, யூஎஸ்பி அல்லது சீரியல் கம்பி வழியாகக் கருவிக்குச் செல்லும் ஒரு கட்டளை வரிதான். ஆகவே, முதலில் கருவியின் மெனுவிலும் மென்பொருளிலும் பாட் வேகம் (கம்பியில் தரவு செல்லும் வேகம்) ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இணைப்பு கிடைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

கட்டளையின் வடிவம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். கென்வுட் முறையில் 14.074 மெகாஹெர்ட்ஸுக்குச் செல்ல, எஃப், ஏ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளுக்குப் பின் 00014074000 என்று ஹெர்ட்ஸ் கணக்கில் 11 இலக்கங்களும், முடிவில் ஓர் அரைப்புள்ளியும் வர வேண்டும். ஐகாமின் சிஐ-வி முறையிலோ அதே அலைவரிசை 00 40 07 14 00 என்று இரண்டிரண்டு இலக்கங்களாகப் பின்னிருந்து முன்னாக எழுதப்படுகிறது. புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது என்பதால், கருவியின் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் இணையாகச் சரிபாருங்கள்.

சீரியல் கம்பி இணையும் வாயிலான ஒரு சீரியல் போர்ட்டைப் பொதுவாக ஒரே நேரத்தில் ஒரு மென்பொருள்தான் திறக்க முடியும். தொடர்புகளைக் குறித்து வைக்கும் பதிவேட்டு மென்பொருளும் உடன் இயங்க வேண்டுமானால், கருவிகளை இயக்க உதவும் ஹாம்லிப் என்னும் மென்பொருள் தொகுப்பு தரும் ரிக்சிடிஎல்டி சேவையை இடையில் வைத்து, அதை ஏற்கும் மென்பொருள்களை அதன் இயல்பான 4532 என்னும் பிணைய (நெட்வொர்க்) போர்ட் எண் வழியாக இணைக்கலாம்.

ஒலிபரப்பைத் தொடங்கும் பொத்தானை மட்டும் கடைசியில், டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாக ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும் சாதனம்) இணைத்த பிறகே சோதியுங்கள்; அதை நிறுத்தும் பொத்தான் அருகிலேயே இருக்கட்டும்.