நேரம் தவறாமையும் நாடுகளின் பணிப் பழக்கங்களும்: கேள்வி பதில்

கேள்வி: ஜெர்மானியரும் பிரேசில் நாட்டவரும் உள்ள குழுவை நடத்துகிறேன். பத்து மணிக் கூட்டத்துக்கு முன்னவர் 9.55-க்கே வந்து அமர்கிறார், பின்னவர் 10.20-க்கு எந்தத் தயக்கமும் இல்லாமல் நுழைகிறார். இதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுத்துக்கொள்ள வேண்டாம். மதிய உணவுக்கு வருவதாகச் சொன்ன நண்பர் எத்தனை நிமிடம் பிந்தினால் அதைத் தாமதம் என்பீர்கள் என்று ராபர்ட் லெவின் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவர்களிடம் கேட்டார். கலிஃபோர்னியாவில் சராசரியாகச் சுமார் 19 நிமிடம் என்றும், பிரேசிலில் சுமார் 33 நிமிடம் என்றும் விடை கிடைத்தது. எல்லைக்கோடு இரு தரப்பிலும் இருக்கிறது; அதை வரைந்த இடம்தான் வேறு. உங்கள் பிரேசில் நண்பர், தம் கணக்கின்படி, இன்னும் தாமதமாகவே வரவில்லை. பேசிக்கொண்டிருந்தவரைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வருவதுதான் மரியாதைக் குறைவு என்றுகூட அவர் கருதியிருக்கலாம். எல்லார் முன்னிலையிலும் கடிகாரத்தைப் பார்ப்பதைவிட, "நீங்கள் அறிக்கை தந்த பிறகே மற்ற நால்வரும் வேலையைத் தொடங்க முடியும்" என்று தனியே காரணத்தோடு சொல்லிப் பாருங்கள். விமானத்தைப் பிடிக்க அவரும் உரிய நேரத்தில்தான் செல்கிறார்; யாருக்காக, எதற்காக என்பது தெளிவானால் நேரமும் தெளிவாகிவிடும்.

கேள்வி: நேர ஒழுங்கு சில இனத்தவருக்குப் பிறவியிலேயே அமைந்தது என்கிறார்களே? ஜப்பானியர் அதற்குச் சான்று அல்லவா?

பதில்: ஜப்பானியரை நான் எதிர்ச்சான்றாகவே காட்டுவேன். 1873 வரை அங்கே பகலையும் இரவையும் தனித்தனியே ஆறு பங்குகளாகப் பிரித்து நேரத்தைக் கணக்கிட்டனர். கோடையில் பகலின் பங்கு நீளும், குளிர்காலத்தில் குறுகும். அப்படிப்பட்ட கணக்கில் நிமிடத்துக்கு வேலையே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே பயிற்சியளிக்கச் சென்ற டச்சு அதிகாரி ஒருவர், உள்ளூர்ப் பணியாளர்கள் நேரத்தைப் பொருட்படுத்துவதில்லை என்று குறைபட்டு எழுதியிருக்கிறார். அதன் பின்னர் ரயிலும் ஆலையும் பள்ளியும் படையும் சேர்ந்துதான் அந்த மக்களைக் கடிகாரத்துக்குப் பழக்கின; 1920-இல் ஜூன் 10-ஆம் நாளை நேரத்துக்கான நினைவு நாளாகவே அறிவித்தனர். பிறவிக் குணத்துக்குப் பரப்புரை எதற்கு?

இங்கிலாந்தின் கதையும் இதேதான். கைவினைஞர்கள் திங்கட்கிழமையைப் 'புனிதத் திங்கள்' என்று கேலியாகப் பெயரிட்டு விடுமுறையாகக் கழித்துவிட்டு, வாரக் கடைசியில் இரவுபகலாக உழைத்து ஈடுகட்டி வந்தனர். ஆலை மணியாலும் அபராதத்தாலும் அந்த வழக்கத்தை உடைக்க முதலாளிகளுக்குப் பல தலைமுறைகள் பிடித்தன என்பதை வரலாற்றாசிரியர் இ. பி. தாம்ப்சன் 1967-இல் எழுதிய கட்டுரை விரிவாகக் காட்டுகிறது. தட்பவெப்பத்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நடைவேகம், அஞ்சலக எழுத்தர் அஞ்சல்தலை விற்கும் வேகம், பொதுக் கடிகாரங்களின் துல்லியம் ஆகிய மூன்றையும் 31 நாடுகளில் அளந்த லெவின், குளிர் நாடுகள் பொதுவாக விரைவாக இயங்குவதைக் கண்டார். ஆனால் பொருளாதார வளமும் வேகத்தோடு சேர்ந்தே வந்தது.

கேள்வி: ஜெர்மனியில் படிக்கச் சென்றுள்ளேன். பத்து மணி வகுப்புக்குப் பேராசிரியர் 10.15-க்கே வருகிறார். ஜெர்மானியரின் நேர ஒழுங்கு வெறும் பேச்சுதானா?

பதில்: அட்டவணையை மீண்டும் பாருங்கள். 'கும் தெம்போரே' என்ற இலத்தீன் தொடரின் சுருக்கமான c.t. அதில் இருந்தால் வகுப்பு கால் மணி நேரம் கழித்துத் தொடங்கும். 'சினே தெம்போரே' என்பதன் சுருக்கமான s.t. இருந்தால் சரியாகப் பத்து மணிக்கே தொடங்கும். அவர் தாமதமாக வரவில்லை, சரியாக 10.15-க்கு வருகிறார்.

கேள்வி: எங்கள் ஜப்பானியக் கூட்டாளிகள் நொடி பிசகாமல் தொடங்குகிறார்கள், ஆனால் இரவு ஒன்பதாகியும் அலுவலகத்தை விட்டுப் போவதில்லை. இது என்ன நேர ஒழுங்கு?

பதில்: மிகச் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். 2017 நவம்பரில் தோக்கியோ அருகே ஒரு ரயில் 20 நொடி முன்னதாகப் புறப்பட்டதற்கு நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. அதே நாட்டில், கூடுதல் பணிநேரம் பொதுவாக மாதத்துக்கு 45 மணியையும் ஆண்டுக்கு 360 மணியையும் தாண்டக் கூடாது என்ற வரம்பு தண்டனையோடு நடைமுறைக்கு வர 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தொடங்கும் நேரத்தை மட்டும் ஒழுங்கு என்று அழைப்பது, என் பார்வையில், சம்பளம் கொடுப்பவர் வகுத்த இலக்கணம். முடிக்கும் நேரத்தையும் வாக்குறுதியாகக் கருதும் நாடுகள் உண்டு. பணி முடிந்த பின் மின்னஞ்சலிலிருந்து விலகியிருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2016-இல் சட்டமாக்கி, 2017 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மாலையில் பதில் எழுதாத பிரெஞ்சுக்காரரைச் சோம்பேறி என்று எண்ணுபவர், தாமே அவருடைய நேரத்தில் தாமதமாக நுழைகிறார் என்பதை மறந்துவிடுகிறார்.

கேள்வி: எத்தியோப்பியாவில் ஓர் அலுவலகத்தில் மூன்று மணிக்கு வரச் சொன்னார்கள். பிற்பகல் மூன்றுக்குப் போனபோது, காலையிலேயே எனக்காகக் காத்திருந்ததாகக் கூறினர்.

பதில்: அங்கே பகல்நேர எண்ணிக்கை விடியலிலிருந்து தொடங்குகிறது, அவர்களின் மூன்று மணி உங்கள் காலை ஒன்பது மணி. சுவாஹிலி பேசும் பகுதிகளிலும் இவ்வழக்கம் உண்டு. எந்தக் கணக்கு என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் ஒவ்வொரு முறையும் என்னை ஒரு மணி நேரம் காக்க வைக்கிறார். அவர்கள் பண்பாடே அப்படி என்று பொறுத்துக்கொள்வதா?

பதில்: அவர் தம் மேலதிகாரியையும் அப்படிக் காக்க வைக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் அது பண்பாடு அன்று, அதிகாரம். பண்பாட்டின் மீது பழி போடுவது அந்நாட்டு மக்களுக்கும் அநீதி. பெரு நாட்டில் 2007 மார்ச் முதல் நாள் நண்பகலில், எல்லாரும் தங்கள் கடிகாரங்களைச் சரிசெய்துகொள்வதற்காகச் சங்கும் மணியும் ஒலித்தன. அதே ஆண்டில் ஐவரி கோஸ்ட்டில் நேரம் தவறாத ஒருவருக்கு வீடே பரிசாகக் கிடைத்தது. காத்திருந்து சலித்தவர்கள் அங்கேயும் நிறையப் பேர் இருந்தனர் என்பதுதான் இதன் பொருள்.

கேள்வி: பல நாட்டுக் குழுவுக்கு நடைமுறையில் எதைக் கவனிக்கச் சொல்வீர்கள்?

பதில்: நாள்காட்டியை. சவூதியில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 முதல் சனி, ஞாயிறுக்கு மாறி, வெள்ளியை அரைநாள் பணியாக்கிக்கொண்டது. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கும் கோடை நேரத்துக்கு அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும் ஐரோப்பா கடைசி ஞாயிறன்றும் மாறுவதால், இடைப்பட்ட வாரங்களில் வழக்கமான கூட்டம் யாரேனும் ஒருவருக்கு ஒரு மணி நேரம் பிசகும். அந்த வாரங்களில் தாமதமாக வருபவரிடம் கோபம் கொள்வதற்கு முன், அழைப்பில் எந்த நாட்டு நேரத்தைக் குறிப்பிட்டீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.