வாசகர் கேள்வி–பதில்: பிரெக்ஸிட் முடிச்சு எங்கே விழுந்தது?

கேள்வி: ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வேண்டும் என்று பிரிட்டன் மக்கள் 2016இலேயே வாக்களித்துவிட்டார்கள். பிறகும் மூன்றரை ஆண்டுகள் இழுத்தடித்தது, மக்கள் தீர்ப்பை நாடாளுமன்றம் மதிக்காததால்தானே?
— வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. 2016 ஜூன் 23 பொதுவாக்கெடுப்பில் 51.9 விழுக்காட்டினர் விலகலை ஆதரித்தது உண்மை. ஆனால், வாக்குச்சீட்டில் இருந்தது நீடிப்பதா, விலகுவதா என்ற ஒரே கேள்விதான். விலகிய பிறகு சுங்க ஒன்றியத்தில் (தமக்குள் சுங்கவரி இன்றி, வெளிநாட்டுச் சரக்குக்கு ஒரே வரி விதிக்கும் ஏற்பாடு) தொடர்வதா, ஒற்றைச் சந்தையில் (பொருளும் ஆளும் பணமும் தடையின்றி நடமாடும் ஏற்பாடு) இருப்பதா, அடியோடு வெளியேறுவதா என்று எவரும் மக்களைக் கேட்கவில்லை.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது துறைமுகத்தை ஒட்டி வாழும் உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு கண்டெய்னர் கப்பலேறும் முன் சுங்க வேலைகளைக் கவனிக்கும் கிளியரிங் ஏஜென்ட், ஷிப்பிங் பில் என்னும் ஏற்றுமதி ஆவணத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். தேவைப்பட்டால் சரக்கு எந்த நாட்டில் உற்பத்தியானது என்ற சான்றிதழைக் காட்ட வேண்டும். சுங்கத்துறையின் அனுமதி கிடைக்க வேண்டும். ஒரு தாள் குறைந்தாலும் சரக்கு நின்றுவிடும். வணிகத்தைப் பொறுத்தவரை எல்லை என்பது இந்தத் தாள்களும் காத்திருப்பும்தான்.

அயர்லாந்துத் தீவில் அத்தகைய எல்லை மீண்டும் முளைத்துவிடுமோ என்ற அச்சத்தில்தான் முடிச்சு விழுந்தது. பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்துக்கும், ஒன்றியத்தில் நீடிக்கும் தனி நாடான அயர்லாந்துக் குடியரசுக்கும் இடையே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் எல்லை உண்டு. வட அயர்லாந்தின் முப்பது ஆண்டு இரத்தக்களரிக்கு முடிவு கட்டிய 1998ஆம் ஆண்டின் புனித வெள்ளி உடன்படிக்கைக்குப் பிறகு, அங்கே சோதனைச் சாவடிகள் இல்லாத வாழ்க்கை வேரூன்றியிருந்தது. அதைக் காப்பதற்காக, வேறு ஏற்பாடு பிறக்கும்வரை பிரிட்டன் முழுவதும் ஒன்றியத்துடன் ஒரே சுங்கப் பரப்பில் இருக்கும் என்று பிரதமர் தெரசா மே ஒப்புக்கொண்டார். இது முடிவில்லாத கட்டு என்று அவருடைய கட்சியின் விலகல் ஆதரவாளர்கள் கொதித்தார்கள். அந்த ஏற்பாட்டில் வட அயர்லாந்துக்கு மட்டும் சில தனி விதிகள் இருந்ததால், பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பும் அங்குள்ள ஜனநாயக ஒன்றியவாதக் கட்சியும் எதிர்த்தது. 2017 தேர்தலில் பெரும்பான்மையை இழந்த மே, அந்தக் கட்சியின் 10 உறுப்பினர்களை நம்பித்தான் ஆட்சி நடத்திக்கொண்டிருந்தார்.

2019 ஜனவரி 15 அன்று அவருடைய ஒப்பந்தம் 202க்கு எதிராக 432 வாக்குகளில் தோற்றது. மார்ச்சில் மேலும் இருமுறை தோற்றது. மார்ச் 27 அன்று உறுப்பினர்கள் எட்டு மாற்று வழிகளைத் தனித்தனியே வாக்கெடுப்புக்கு விட்டார்கள், ஒன்றும் தேறவில்லை. ஏப்ரல் 1 அன்று சுங்க ஒன்றியத்தில் தொடரும் யோசனை மூன்றே வாக்குகளில் வீழ்ந்தது. வழியை வகுக்காமல் முடிவை மட்டும் மக்களிடம் கேட்ட, 2016 வாக்கெடுப்பின்போது பிரதமராக இருந்த டேவிட் கேமரனின் அரசுதான் இதற்கு முதல் பொறுப்பு என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: தெரசா மேக்குப் பின் பிரதமரான போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றத்தை முடக்கியபோது நீதிமன்றம் குறுக்கிட்டது முறைதானா?
— வாசகி, ராயபுரம்

பதில்: முறைதான். 2019 செப்டம்பர் 24 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். விலகல் நல்லதா, கெட்டதா என்பதற்குள் அவர்கள் போகவே இல்லை. நாடாளுமன்றம் தன் கடமையைச் செய்யவிடாமல் தக்க காரணமின்றித் தடுத்தது சட்டவிரோதம் என்று மட்டுமே கூறினார்கள். முட்டுக்கட்டையை நீக்கியது டிசம்பர் 12 தேர்தல். அதில் 80 இடப் பெரும்பான்மை பெற்ற ஜான்சன், 2020 ஜனவரி 31 அன்று விலகலை நிறைவேற்றினார். சுங்கச் சோதனையை அவர் அயர்லாந்துக் கடலுக்கு, அதாவது பிரிட்டனின் பெருந்தீவுக்கும் வட அயர்லாந்துக்கும் இடையே, நகர்த்தினார். அந்தச் சிக்கல் வட அயர்லாந்து அரசியலை அதன் பிறகும் பல ஆண்டுகள் அலைக்கழித்தது.

கேள்வி: இதனால் நம் ஊர் ஏற்றுமதியாளர்களுக்கு என்ன மாற்றம்?
— வாசகர், வண்ணாரப்பேட்டை

பதில்: முன்பு நம் தோல் சரக்கு பிரிட்டனில் இறங்கி வரி செலுத்திவிட்டால், அங்கிருந்து ஜெர்மனிக்குச் செல்ல மறுபடியும் சுங்க வேலை இல்லை. விலகலுக்குப் பிந்தைய மாறுதல் காலம் முடிந்து, 2021 ஜனவரி 1 முதல் அது இரண்டாவது எல்லையைத் தாண்ட வேண்டும். இந்தியாவில் உற்பத்தியானது என்பதால் பிரிட்டன்–ஒன்றிய வரிச்சலுகையும் அதற்குக் கிடைக்காது. ஆகவே, ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு உரியதை நேரடியாக ஐரோப்பியத் துறைமுகத்துக்கே அனுப்புவது நல்லது. மறுபுறம், சுங்க ஒன்றியத்தில் இருந்திருந்தால் பிரிட்டன் தனியாக வணிக ஒப்பந்தம் செய்திருக்க முடியாது. 2025 ஜூலை 24 அன்று இந்தியாவுடன் அது கையெழுத்திட்டதற்கு விலகலே இடமளித்தது.