மச்சு பிச்சு ரயில்: குஸ்கோவைக் கடைசியில் வையுங்கள்

கேள்வி: எனக்கு 64 வயது, ஆச்சிக்கு 60. பெரு நாட்டில் குஸ்கோவிலிருந்து மச்சு பிச்சு இடிபாடுகளுக்குப் போகும் ஹிராம் பிங்கம் சொகுசு ரயிலில் போக ஆசை. மலையேறும்போது மூச்சுத் திணறும் என்று பயமுறுத்துகிறார்கள். ஆச்சி சுத்த சைவம், முழங்கால் வலியும் உண்டு. எந்த மாதம், எப்படிப் போவது? (வாசகர், காரைக்குடி)

பதில்: ரயிலில் மூச்சு திணறாது. வருவதானால் அது முந்தைய இரவே, குஸ்கோ விடுதியில் வந்துவிடும். இந்த ரயில் மச்சு பிச்சுவை நோக்கிப் போகப்போகக் கீழேதான் இறங்குகிறது. குஸ்கோ 3,400 மீட்டர் உயரம். ரயில் போய் நிற்கும் அகுவாஸ் கலியெந்தேஸ் 2,040 மீட்டர், ஏறக்குறைய கொடைக்கானல் உயரம். அங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் மச்சு பிச்சு, 2,430 மீட்டர். நம் தொட்டபெட்டா (2,637 மீட்டர்) இதைவிட உயரம். ஊட்டியில் சிரமமில்லாமல் நடந்தவருக்கு அந்தக் காற்று பெரிய தொல்லை தராது.

தொல்லை குஸ்கோவில்தான். கடலோர லிமாவில் விமானம் ஏறி ஒன்றரை மணி நேரத்துக்குள் 3,400 மீட்டரில் இறங்குகிறீர்கள். உடம்பு பழக அவகாசமே இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் முதல் இரவில் வருவது அதனால்தான். ஆகவே குஸ்கோ விமான நிலையத்திலிருந்து நேரே காரில் உருபம்பா பள்ளத்தாக்குக்கு (சுமார் 2,870 மீட்டர்) இறங்கிவிடுங்கள். அங்கே இரண்டு இரவு தங்கி, பக்கத்திலுள்ள ஒல்லாந்தாய்தம்போ கோட்டையை நிதானமாகப் பார்த்து, மச்சு பிச்சு போய்வந்த பிறகு குஸ்கோவில் தங்குங்கள். பெரும்பாலான பயணத் திட்டங்கள் குஸ்கோவை முதலில் வைக்கின்றன. அதை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். உயரத்தால் வரும் இந்தத் தொல்லையைத் தடுக்கத் தரும் அசிட்டசோலமைடு மாத்திரையை உங்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு இருந்தால் அது ஆகாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, அன்றே உயரம் குறைந்த இடத்துக்கு இறங்கி மருத்துவ உதவி பெற வேண்டும்.

இனி ரயில். நீலமும் பொன்னுமாக, 1920களின் பாணியில் அமைத்த பெட்டிகள், மேசை விரித்த சாப்பாடு, கடைசிப் பெட்டியில் திறந்த மாடம், நேரடி இசை. நுழைவுச்சீட்டு, பஸ், வழிகாட்டி எல்லாம் கட்டணத்துக்குள் அடங்கும். ஆனால் ஒரே நாளில் போய்வருகிறவர்கள் நடுப்பகலில்தான் மச்சு பிச்சு சேர்கிறார்கள், சில மணி நேரத்தில் திரும்ப வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு இந்த அவசரம் ஆகாது. போகும்போது சொகுசு ரயில், அகுவாஸ் கலியெந்தேஸில் ஓர் இரவு, மறுநாள் காலை நுழைவு, திரும்புகையில் கண்ணாடிக் கூரையுள்ள விஸ்டாடோம் ரயில்: உங்கள் இருவருக்கும் இதுவே பொருந்தும். போகும் திசையில் இடப்பக்க இருக்கை கேளுங்கள், உருபம்பா ஆறு அந்தப் பக்கம்தான் கூடவே வரும். புறப்படும் நிலையம் பருவத்துக்கேற்ப மாறும் என்பதால் பதிவு செய்யும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய பெட்டிகளை ரயிலில் ஏற்ற விடமாட்டார்கள். அவற்றை விடுதியில் விட்டுவிட்டு ஒரு கைப்பையோடு ஏறுங்கள்.

உள்ளே கைப்பிடியில்லாத கல் படிகள் ஏராளம். பாதைகள் மூன்று சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒருவழியாக விடப்படுகின்றன. எல்லாரும் படத்தில் பார்த்த காட்சி முதல், இரண்டாம் சுற்றுகளில் கிடைக்கும். மூன்றாவது தாழ்வான பகுதி, முழங்காலுக்கு இதம், ஆனால் அந்தக் காட்சி கிடைக்காது. உள்ளே கழிப்பறை கிடையாது, வெளியே வந்தால் மறுபடி விடமாட்டார்கள். வாசலிலேயே போய்விட்டு வாருங்கள். ஊன்றுகோலின் முனையில் ரப்பர் இருக்க வேண்டும்.

மாதம் என்றால் மே. மழை ஓய்ந்து மலை பச்சையாக இருக்கும், ஜூன், ஜூலையின் கடுங்குளிரும் கூட்டமும் இன்னும் வந்திராது. ஜனவரி, பிப்ரவரியில் மண் சரிந்து தண்டவாளமே மூடப்படுவதுண்டு. நுழைவுச்சீட்டு பல மாதம் முன்பே தீர்ந்துவிடும்.

ஆச்சியின் சாப்பாட்டுக்கு, 'சைவம்' என்று மட்டும் சொன்னால் மீனோ, கோழிச் சாறு ஊற்றிய சூப்போ வந்துவிடலாம். இறைச்சி, கோழி, மீன், முட்டை, இறைச்சிச் சாறு எதுவும் கூடாது என்று ஸ்பானிஷில் எழுதிய அட்டை ஒன்று கையில் இருக்கட்டும், பதிவின்போதும் இதைச் சொல்லுங்கள். உருளைக்கிழங்கும் கீன்வா என்ற தானியமும் அந்த மண்ணின் பயிர்கள், பட்டினி கிடக்க நேராது. பருப்புப் பொடி, இட்லிப் பொடி கொண்டுபோகலாம். பச்சைக் காய், பழம், விதை வேண்டாம். எதைக் கொண்டுபோனாலும் சுங்கத்தில் சொல்லிவிடுங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது திரும்பி வரும்போது. பெருவிலிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியா வருகிறவரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். இல்லாவிட்டால் தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்று செல்லும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் பக்கவிளைவு ஆபத்து சற்றுக் கூடுதல், முட்டை ஒவ்வாமை இருந்தாலும் சிக்கல். எனவே இரண்டு மாதம் முன்பே டாக்டரிடம் பேசுங்கள்.

அமெரிக்கா, ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகளின் பொது விசா), பிரிட்டன் போன்ற விசா குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருந்தால் இந்தியருக்குப் பெரு விசா தேவைப்படாது. புறப்படுமுன் டெல்லி தூதரகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். ரயில், நுழைவுச்சீட்டு எல்லாவற்றிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஊரில் இனிஷியலோடு எழுதும் பெயரைக் கொடுத்துவிட்டால் வாசலில் நிறுத்திவிடுவார்கள், அசல் பாஸ்போர்ட்டும் கையில் வேண்டும். விடுதிகளில் கோகா இலைத் தேநீர் தருவார்கள். அதை அங்கேயே குடித்துவிடுங்கள், இலையையோ தேநீர்ப் பையையோ ஊருக்கு எடுத்துவர வேண்டாம். 1985 போதைப்பொருள் சட்டப்படி இங்கே அது குற்றம்.