தலைக்கு மேல் ஒரு பாதச்சுவடு

அன்புள்ள ஐயா,

வரும் நவம்பரில் குடும்பத்துடன் ஜப்பானின் கியோட்டோ செல்கிறோம். நீங்கள் விரும்பிச் சொல்லும் கென்கோ-ஆன் கோயிலையும் பார்ப்பதாக இருந்தோம். அங்கே சாமுராய்களின் ரத்தக் கறை படிந்த பலகைகளை மேற்கூரையில் பதித்திருக்கிறார்கள் என்று அறிந்ததும் மனம் ஒப்பவில்லை. கொல்லாமையைச் சொன்ன புத்தரின் சன்னிதியில் ரத்தத்தைக் காட்சிக்கு வைக்கலாமா?

வி.

அன்புள்ள வி.,

அவசியம் போய் வாருங்கள். அந்தப் பலகைகள் காட்சிக்காக மேலே ஏறவில்லை.

1600ஆம் ஆண்டு படைத்தலைவர் தோகுகவா இயேயாசு கிழக்கே படையெடுத்துச் சென்றபோது, கியோட்டோவின் தெற்கே இருந்த ஃபுஷிமி கோட்டையைத் தோரி மோதோததாவிடம் ஒப்படைத்தார். இயேயாசு பணயச் சிறுவனாக வளர்ந்த காலம் முதல் உடனிருந்தவர் அவர். காவலுக்குச் சுமார் 1,800 பேர். இயேயாசுவின் எதிரி இஷிதா மிட்சுனாரி தரப்பின் படை பல மடங்கு பெரியது. பத்து நாட்களுக்கு மேல் தாக்குப்பிடித்த பிறகு கோட்டை விழுந்தது. மோதோததா மடிந்தார், எஞ்சிய பலர் தம் வயிற்றைத் தாமே கிழித்துக்கொண்டார்கள்.

தரைப்பலகைகளில் ஊறிய ரத்தம் போகவில்லை. அவற்றைக் கியோட்டோப் பகுதியின் சில கோயில்கள் ஏற்று விதானமாக்கின. இறந்தவர்களின் ரத்தத்தை இனி யாரும் மிதிக்கக் கூடாது. கீழே நாள்தோறும் ஓதப்படுவது அவர்களுக்கும் சேர வேண்டும். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு இதை விளக்கவா வேண்டும்?

நான் போன அன்று மழை. கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றேன். முதலில் பழுப்புத் திட்டுகள்தான் தெரிந்தன. கண் பழகியதும் ஒரு பாதம் தெரிந்தது. யாரோ ஒருவர் கடைசியாக ஊன்றிய கால், என் தலைக்கு மேலே. என்னையறியாமல் கைகூப்பிவிட்டேன்.

அதே மண்டபத்தில் தோட்டத்தைப் பார்த்து இரண்டு ஜன்னல்கள் இருக்கின்றன. வட்டமானது ஞானத்துக்கு, சதுரமானது மயக்கத்துக்கு, அதன் நான்கு மூலைகள் பிறப்பு, மூப்பு, பிணி, சாக்காடு. நவம்பரில் மேப்பிள் இலைகள் சிவந்திருக்கும், கூட்டம் அந்த ஜன்னல்களை மொய்க்கும். பலர் ஒருமுறைகூட மேலே பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள் என்பது எனக்குத் தீராத வருத்தம்.

குழந்தைகளிடம் இந்தக் கதையைப் பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே செருப்பைக் கழற்ற வேண்டும், தரை சில்லிட்டிருக்கும். தடித்த காலுறை போட்டுவிடுங்கள்.