ஆங்கிலம் அறிவோம்: விட்டுப்போன வழக்கமா, தொடரும் வழக்கமா?

கேள்வி: நேர்முகத் தேர்வில் பொழுதுபோக்கு பற்றிக் கேட்டார்கள். 'ஐ யூஸ்டு டு ரீட் நாவல்ஸ்' என்றேன். 'ஏன் விட்டுவிட்டீர்கள்?' என்றார்கள். நான் விடவே இல்லையே! எங்கே பிசகியது?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: தம்பி, உங்கள் வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. அதனால்தான் அவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 'முன்பெல்லாம் நாவல் படிப்பேன், இப்போது இல்லை' என்றுதான் அது காதில் விழும்.

'யூஸ்டு டு என்றால் வழக்கம்' என்று பள்ளியில் பாதியைச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். ஆசிரியையாக இருந்தவள் என்ற முறையில் எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. தமிழில் 'படிப்பது வழக்கம்' என்றால் இன்றைக்கும் படிக்கிறீர்கள். ஆங்கிலத்தில் அது முடிந்துபோன வழக்கம். இப்போதும் படிப்பவர் 'ஐ ரீட் நாவல்ஸ்' என்றாலே போதும்.

ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் இதற்கு நிகழ்காலம் இருந்தது. 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், 119-ஆம் சங்கீதம் 132-ஆம் வசனத்தில் 'ஆஸ் தவ் யூஸெஸ்ட் டு டூ' என்று வருகிறது. 'நீர் வழக்கமாகச் செய்கிறபடி' என்று பொருள். பிறகு நிகழ்காலம் வழக்கொழிந்து, இறந்தகாலம் மட்டும் தங்கிவிட்டது.

இல்லாமல் போனதைச் சொல்ல இது அருமையான சொற்றொடர். 'தேர் யூஸ்டு டு பி எ தியேட்டர் கால்டு சஃபையர் ஆன் மவுண்ட் ரோடு' என்று பாருங்கள். தியேட்டர் இருந்ததும், இன்று அது இல்லாததும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. 'இப்போது இல்லை' என்று தனியாகச் சொல்லவே வேண்டாம்.

அப்புறம், முன்னால் 'ஆம்', 'இஸ்', 'ஆர்' வந்தால் பொருளே வேறு. 'ஐ ஆம் யூஸ்டு டு ரீடிங் அட் நைட்' என்றால், இரவில் படிப்பது எனக்குப் பழகிப்போனது, சிரமமில்லை என்று அர்த்தம். அங்கே 'ரீட்' வராது, 'ரீடிங்'தான் வரும். வெயில் இப்போதுதான் பழகி வருகிறது என்றால் 'ஐ ஆம் கெட்டிங் யூஸ்டு டு தி ஹீட்'.

கேள்வியாக எழுதும்போது 'டிட் யூ யூஸ் டு' என்று கடைசி 'டி' எழுத்தை விட்டுவிடுங்கள். பேச்சில் வித்தியாசம் தெரியாது. அடுத்த நேர்முகத்தில் 'டிட் யூ யூஸ் டு ப்ளே கிரிக்கெட்?' என்று கேட்டால், விட்டிருந்தால் 'யெஸ், ஐ யூஸ்டு டு' என்று சொல்லுங்கள். இன்னும் ஆடுகிறீர்கள் என்றால், 'ஐ ஸ்டில் டூ'.